பிதெர்மஸின் பெட்டியில் படுத்தவன்

இது கட்டுக்கதை இல்லை. கதை கட்ட எனக்கு நேரமும் இல்லை, அந்த வாயும் இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் எங்கள் ஊரான கிளாசோமெனையின் இடுகாட்டுக்குப் போய், எண்ணெய் வியாபாரி பிதெர்மஸின் மேட்டில் காதை வைத்துப் பாருங்கள். என்னைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். நான் வரமாட்டேன்.

நானும் தம்பி மோல்பஸும் சுடுமண் சவப்பெட்டி செய்கிறவர்கள். அவன் மண் பிசைந்து பெட்டியைக் கட்டுவான். நான் அதன் அகன்ற விளிம்பில் வேட்டைநாயும் சேவலும் வரைவேன். பிணத்தைக் கிடத்தினால் முகத்தைச் சுற்றி என் படங்கள்தான் தெரியும். சூளையில் சுட்டு ஆறிய பெட்டிக்குள் கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். மதியமானால் மோல்பஸ் ஏதாவது ஒன்றில் ஏறிப் படுத்துக் குறட்டை விடுவான்.

அவனை எழுப்ப ஒரு கேலி வைத்திருந்தேன். கடலில் செத்து உடல் கிடைக்காதவனுக்கு எங்கள் ஊரில் வெறும் பெட்டியைப் புதைத்து, மூன்று முறை பெயர் சொல்லி அழைப்போம். அப்போதுதான் உயிர் வந்து பெட்டியில் தங்கும். நானும் அதேபோல் அவன் தலைமாட்டில் நின்று மூன்று முறை கூப்பிடுவேன். சிரித்துக்கொண்டே எழுவான். சாவை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு அதன்மேல் பயம் விட்டுப்போகிறது. நாங்கள் செய்த தப்பு அதுதான்.

அன்று காலை, எதிர்த் தீவிலிருந்து வெள்ளை மண் கொண்டுவரப் படகில் கிளம்பினான்.

"மீன் எடுத்து வை அக்கா. நாய்க்குப் போட்டுடாதே."

"நாயாவது வாசலைக் காக்குதுடா. நீ என்னத்தைக் கிழிக்கிறே?"

மதியம் நேரம் பார்க்க முற்றத்தில் நின்று என் நிழலை அடியால் அளந்தேன். இரண்டடி. உள்ளே வந்து தூரிகையை எடுத்தேன்.

சொட்... சொட்...

மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். மூலையில் பிதெர்மஸ் வீட்டார் பேசி வைத்த பெட்டி. முந்தின நாள் செத்த கிழவரை மறுநாள் விடியுமுன் புதைக்க வேண்டும். அதன் விளிம்பில் ஒரு கை தொங்கியது. கட்டைவிரலில் சூளைத் தழும்பு. தம்பியின் கைதான். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தீவுக்குப் போகாமல் குளித்துவிட்டு வந்து படுத்திருக்கிறான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்த் தலைமாட்டில் நிற்கவும் பொறுமையில்லை. இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"மோல்பஸ்!"

அசைவில்லை.

"மோல்பஸ்!"

வாசலில் நாய் முனகியது. உள்ளே வரவில்லை. அந்தக் கையின் நகங்கள்... நீலமாக இருந்தன.

"மோல்பஸ்!"

"வந்துட்டேன்க்கா."

அவன் குரல்தான். ஆனால்... வாய் நிறையத் தண்ணீரோடு பேசுவதுபோல்.

தூரிகை விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தேன்.

கை இல்லை.

எட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் ஈரம். தலை, தோள், குதிகால் பட்ட தடமாக...

தரைத் தூசியில் என் காலடி மட்டும்.

வெயில் தலைக்கேறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிழல் எட்டடி ஆனபோது பிதெர்மஸ் வீட்டு ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள்.

"என்னம்மா இந்தக் கனம் கனக்குது? உள்ளே யாரையாச்சும் வச்சு அனுப்புறியா?"

"என் தம்பிதான் தூங்குறான். மெதுவாத் தூக்குங்க."

சிரிக்கத்தான் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். நானே என் வாயால் அவனை அனுப்பிவைத்தேன்.

பொழுது சாயும்போது படகுக்காரன் ஒருவன் வந்து, தலையைக் குனிந்தபடி நின்றான்.

"காலையிலேயே படகு கவுந்துருச்சு தாயி. அப்ப நிழல் பன்னெண்டடி இருக்கும். இவ்வளவு நேரமும் தேடினோம்... ஆள் கிடைக்கல."

பன்னிரண்டடி. நான் கூப்பிட்டபோது இரண்டடி.

செருப்புகூடப் போடாமல் பிதெர்மஸ் வீட்டுக்கு ஓடினேன்.

"அந்தப் பெட்டியைக் குடுத்துடுங்க. வேற தர்றேன். காசே வேணாம்!"

"அப்பாவைக் கிடத்தி மூடியாச்சு," என்றான் மகன். "செத்த வீட்ல வந்து பைத்தியம் மாதிரி பேசாதே. போ." கதவு சாத்தப்பட்டது. விடியுமுன் புதைத்துவிட்டார்கள்.

கடல் என் தம்பியைத் திருப்பித் தரவே இல்லை. ஒன்பதாம் நாள் வெறும் பெட்டி வைத்தோம். விளிம்பு முழுக்க எங்கள் வீட்டு நாயையே வரைந்திருந்தேன். கிடைத்த இடம் பிதெர்மஸின் மேட்டுக்கு இருபதடி தள்ளி. இந்தப் பெட்டிக்காவது வந்துவிட மாட்டானா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"மோல்பஸ்..."

காற்று.

"மோல்பஸ்..."

ஒன்றுமில்லை.

"மோல்பஸ்..."

எங்கள் பெட்டி சும்மா கிடந்தது. எனக்குப் பின்னால்... பிதெர்மஸின் மேட்டுக்கு அடியிலிருந்து... தட்... தட்...

குழி வெட்டியவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

"இங்கே இடம் பத்தலக்கா."