சோற்றுக்கு அடியில்

பள்ளிக்கூடச் சமையல்காரியைச் 'சோத்தக்கா' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். மத்தியானம் வரை இங்கே அடுப்படி, சாயங்காலம் ஓர் ஆபீசில் தரை துடைக்கிற வேலை. நடுவில் கொஞ்சம் உட்காரக் கிடைத்தால் அவளுக்கு அன்றைக்கு லாட்டரி விழுந்த மாதிரி. முழங்கால் எப்போதோ கைவிட்டுவிட்டது, பிடிவாதத்தில்தான் நடந்தாள்.

அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. இருப்பவன் பிள்ளை, இல்லாதவன் பிள்ளை என்ற பேதமில்லை. நல்ல காரியம். நோஞ்சான் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு முட்டை. அதுவும் நல்ல காரியம்தான். ஆனால் முட்டைக்குத் தனி வரிசை போட்டானே ஒரு மகராசன், அவன் ஒரு நாளும் பசியோடு பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டான். 'முட்டை வரிசை' கேலிப்பேச்சானது. நிற்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். முதலில் நழுவியது சோத்தக்காவின் மகள். எலும்பும் தோலுமாக இருந்தவள், ஒரு நாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள்.

"செத்தாலும் அந்த வரிசைல நிக்க மாட்டேம்மா" என்றாள், கண் திறந்ததும்.

சோத்தக்கா நேராகப் பெரிய டீச்சரிடம் போனாள்.

"தனி வரிசை வேணாம் டீச்சர். யாருக்குக் குடுக்கணும்னு எனக்கு முகம் தெரியும். சோத்துக்கு அடியில வச்சுக் குடுத்துடறேன்."

"மேல இருந்து வந்து கேட்டா?"

"முட்டை வயித்துல இருக்குன்னு சொல்லுங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஒத்துக்கொண்டார்.

வேலை இரண்டு மடங்கானது. மகள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. ஒரு பிள்ளைக்கும் தெரியாமல் சாதித்துவிட்டோம் என்று சோத்தக்காவுக்கு உள்ளுக்குள் பெருமை. பரிமாறியதும் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவதால், பிள்ளைகள் சாப்பிடுவதை அவள் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் முழங்கால் மடங்கி, சாப்பாட்டுக் கூடத்து மூலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் ஓரத்துச் சோற்றையே தின்றுகொண்டிருந்தன. நடுவில் ஒரு குவியலை விட்டுவைத்து, கடைசியில் தட்டோடு குனிந்து, கையால் மறைத்துக்கொண்டு தின்றன. கொழுகொழுவென்றிருந்த கடைக்காரர் மகன்கூட அப்படித்தான்.

வீட்டில் மகளிடம் கேட்டாள்.

"ஏன்டி எல்லாரும் நடுச்சோத்த மறைச்சு மறைச்சுத் திங்கறீங்க?"

"அப்பதானேம்மா யாருக்கு முட்டைன்னு தெரியாது."

"யாருடி சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல. என் பக்கத்துல உக்கார்றவதான் முதல்ல செஞ்சா. அவளுக்கு முட்டையே கிடையாதும்மா."

ஆபீசுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். சோத்தக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.