மகஜர் பூபாலன்

"வேப்பமரத்துக்கு எந்தப் பக்கம் நின்னேன் ஏட்டையா? கத்திய வலது கைல எட்த்தானா, இடது கைலயா?"

கையெழுத்துப் போடுமுன் பூபாலன் இதைக் கேட்பார். பதிலை உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்த பிறகே பேனா மூடியைத் திறப்பார். அந்த வேப்பமரத்தை அவர் பார்த்ததில்லை. கத்தி எடுத்தவனையும்தான்.

பூந்தமல்லிக்கு மேற்கே, ஒரு காவல் நிலையத்துக்கு எதிரில், நடைபாதையை முக்கால்வாசி விழுங்கி நிற்கிறது அவருடைய ஜெராக்ஸ் கடை. குற்றவாளி ஆயுதத்தை எடுத்துக் கொடுத்ததை நேரில் கண்டதாக, மகஜர் எனும் போலீஸ் பறிமுதல் பத்திரத்தில் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். பதினோரு வருடங்களாக அதில் ஒருவர் பூபாலன். ஆக்கிரமிப்பு அகற்ற வரும் நகராட்சி லாரி அவர் கடையைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும்.

ஐம்பத்திரண்டு வயது. சாட்சி சொல்லும் நாளில் மட்டும் முகச்சவரம், இஸ்திரி போட்ட சட்டை. யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டுக் கூண்டில் ஏறுவார். "கத்தி எடுக்குற எடத்துல எல்லாம் நீங்களே இருக்கீங்களே, எப்படி?" என்று ஒரு வக்கீல் மடக்கியபோது, "அதான் சார், எனக்கே பயமா கீது" என்றார். நீதிபதியே குனிந்து சிரித்தாராம்.

நேற்று மாலை ஏட்டு சண்முகசுந்தரம் ஒரு மகஜரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஏரி நிலத்தைக் கவுன்சிலரின் மைத்துனர் வளைத்ததாக மனு கொடுத்த வரதனை, செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குக் கரையிலேயே வெட்டிக் கொன்றிருந்தார்கள். கொன்றதை ஒப்புக்கொண்டு கத்தியை எடுத்துக் கொடுத்தவன், திருமழிசையில் லேத் ஓட்டும் தமிழ்வாணன் என்றது மகஜர்.

பூபாலன் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"செவ்வாக்கெழம கரண்ட் இல்ல ஏட்டையா. மூணரைலேர்ந்து அஞ்சு வரிக்கும் இந்த தமிழ்வாணன் இந்த ஸ்டூல்லதான் குந்திகினு இருந்தான். சர்ட்டிபிகேட் காப்பி எடுக்க வந்தவன்."

"அத உன்ன யாரு கேட்டா?"

"எனக்கு டீ வாங்கியாந்து குட்த்தான்."

"அப்ப டீக்கடைக்காரனயும் சாட்சி போட்டுக்கவா?" ஏட்டு சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார். "மேலேர்ந்து சொல்லிட்டாங்க பூபாலா. நா இன்னா பண்ணட்டும்? நீ போடலன்னா வேற ஒருத்தன் போடுவான். காலைல லாரி வரும்."

சாலையின் எதிர்ப்புறம் ஒரு வெள்ளைக் கார் நின்றது. உள்ளே கவுன்சிலரின் ஆட்கள் இருவர், கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூபாலனும் அவர்களைப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைக்கப்போன கை பாதியில் இறங்கியது.

மகஜரை ஏட்டின் பக்கமாகத் திருப்பி வைத்தார். எழுந்துபோய் ஜெராக்ஸ் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சிக்கில்லாமல் முழங்கையில் சுற்றத் தொடங்கினார்.