பந்துக்கு முதுகைக் காட்டி

கல்லூரியில் சேர அப்பாவோடு வரிசையில் நின்றபோது, தொப்பி வைத்து, கழுத்தில் விசில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மா நேராக என்னிடம் வந்தார். அவர்தான் உடற்கல்வி இயக்குநர் என்று எனக்கு அப்போது தெரியாது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். குதிகால் உயர்ந்த செருப்பு போட்டிருக்கிறேனா என்று குனிந்தும் பார்த்துக்கொண்டார்.

"எந்த ஊரு புள்ள?"

"அனுமந்தன்பட்டி, மேடம்."

"பாஸ்கெட்பால் ஆடியிருக்கியா?"

"இல்ல மேடம்."

"பரவாயில்ல. ஆட்டத்தை நான் சொல்லித் தந்துருவேன். இந்த ஒசரத்துக்கு நான் எங்க போவேன்?"

அன்றைக்கே விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு பி.காம். இடம் உறுதியாகிவிட்டது. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேனி பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி வாங்கித் தந்தார். என் பங்கையும் நான் அவரிடமே தள்ளிவிட்டேன்.

என் உயரம் எனக்கு ஒருநாளும் நல்லது செய்ததில்லை. எட்டாம் வகுப்பில் அம்மாவைத் தாண்டினேன், பத்தாம் வகுப்பில் அப்பாவை. கோயில் பாடல் குழுவில் எப்போதும் கடைசி வரிசைதான். திராட்சைத் தோட்டத்தில் பந்தலுக்கு அடியில் எல்லாரும் நிமிர்ந்து நடப்பார்கள், நான் கழுத்தை வளைத்துக்கொண்டு நடப்பேன். "போதும் ஆத்தா, இதுக்கு மேல வளந்தா மாப்பிள்ளைய எங்கன போயித் தேட?" என்று அம்மா விளையாட்டுபோலச் சொல்வாள். பாதி விளையாட்டு, பாதி கவலை.

பந்து என்றாலே எனக்குப் பயம். பள்ளியில் எறிபந்து ஆடும்போது ஒருமுறை பந்து முகத்தில் வந்து மோதி, கண்ணாடி உடைந்து, மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அதற்குப் பிறகு ஏதாவது மேலிருந்து என்னை நோக்கி வந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். அது என் கையில் இல்லை. அதை மேடத்திடம் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

எங்கள் அணியில் பந்து போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேப்டன் மூன்றாம் ஆண்டு படித்த போடிக்கார அக்கா, நல்ல பலசாலி. தூரத்திலிருந்தே வளையத்துக்குள் போட்டுவிடுவார். என்னோடு சேர்ந்த கடமலைக்குண்டுக்காரி விடுதியில் என் அறைத்தோழி. என் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள். ஆனால் அவள் கையில் பந்து வந்தால் பிடுங்க முடியாது. ஓட்டம், பாஸ், எல்லாம் எங்களுக்குச் சுமாராக வந்தது. வராதது ஒன்றே ஒன்றுதான்: ரீபவுண்ட். யாராவது வளையத்தை நோக்கி எறிந்து, அது விழாமல் பலகையிலோ கம்பியிலோ பட்டுத் திரும்பி வருமே, அந்தப் பந்து. அதை எடுக்கிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. எங்களோடு ஆடிய எல்லா அணிக்கும் அந்த இன்னொரு வாய்ப்பு கிடைத்துக்கொண்டே இருந்தது.

"ஒரு தடவ போடுறாக, விழல. ரெண்டாந் தடவ போடுறாக, விழல. மூணாந் தடவ போட்டுட்டுப் போறாக. வந்தவுகளுக்குப் பந்தி வைக்கிறீகளா நீங்க?" என்று மேடம் கத்துவார். எல்லாருக்கும் பொதுவாகத்தான் கத்துவார். ஆனால் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அதற்காகத்தானே என்னை எடுத்தது.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் எனக்கு மட்டும் தனிப் பயிற்சி. மேடம் பந்தைப் பலகையில் அடிப்பார். நான் குதிக்க வேண்டும். குதிப்பேன், நன்றாகவே குதிப்பேன். உச்சிக்குப் போனதும் கண் மூடிக்கொள்ளும். இரண்டு கையும் காற்றில் தட்டிக்கொள்ளும். பந்து எனக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டு போகும். "நேரம் தப்புது உனக்கு, நேரம்," என்பார் மேடம். நானும் தலையாட்டுவேன்.

மதுரையில் ஒரு போட்டிக்குப் போனோம். எதிரணியில் என்னைவிடச் சற்றுக் குள்ளமான ஒருத்தி நடுவில் ஆடினாள். முழு ஆட்டமும் என் தலைக்கு மேலிருந்தே பந்தை எடுத்தாள். ஒருமுறை நான் கண்ணைத் திறந்தபோது அவள் பந்தை எடுத்து, வளையத்தில் போட்டுவிட்டு, திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள். படுதோல்வி.

பஸ்ஸில் திரும்பினோம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறும்போது முன் இருக்கையில் கேப்டன் அக்கா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

"இம்புட்டு ஒசரம் இருந்து என்ன பிரயோசனம்? வேற யாராச்சும்னா தூக்கிருப்பா."

தப்பாகச் சொல்லிவிடவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதனால்தான் அதிகமாக வலித்தது. பக்கத்தில் இருந்த கடமலைக்குண்டுக்காரி என் கையில் கடலை மிட்டாயை வைத்து அழுத்தினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அம்மா கேட்டுவிட்டாள்.

"என்னாத்தா, மூஞ்சி தொங்கிப்போயிக் கெடக்கு?"

"எனக்கு அந்த வெளையாட்டு வேண்டாம்மா. வரல."

"வேண்டாம்னா விட்ரு. எனக்கும் நிம்மதி. பொம்பளப் புள்ள வெயில்ல நின்னு கறுத்துப்போயி வந்து நிக்கிது."

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவி வந்து உட்கார்ந்தபிறகுதான் பேசினார்.

"புடிக்கலன்னா விட்ரு. ஆனா அந்தம்மாட்ட போயி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு விடு. சொல்லாம கொள்ளாம நின்னுக்கிட்டா நல்லாருக்காது."

"சீட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டாகன்னா?"

"எடுத்துக்கிட்டா வேற காலேஜ் பாப்போம். அதுக்காக அழுதுக்கிட்டா ஆடுவ?"

திங்கட்கிழமை சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் மேடத்திடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துவிட்டேன். ஆடிக் காற்று மைதானத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. எங்களை இரண்டாகப் பிரித்து ஆட விட்டார் மேடம். நானும் கடமலைக்குண்டுக்காரியும் ஒரு பக்கம், கேப்டன் அக்கா எதிர்ப்பக்கம். விடப்போகிறவள்தானே என்ற எண்ணத்தில் நான் குதிக்கவே இல்லை. எதிர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி பந்தை எறிந்ததும், அது முகத்தில் பட்டுவிடக்கூடாது என்று வளையத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

திரும்பினால் எதிரே கேப்டன் அக்கா. முழு வேகத்தில் என்மேல் வருகிறார். மோதிவிடுவாரே என்று காலை அகட்டி, கையை விரித்து நின்றேன். அவர் இடப்பக்கம் ஒதுங்கினார். நானும் ஒதுங்கினேன். வலப்பக்கம் வந்தார். நானும் வந்தேன். பந்தைப் பார்க்கக்கூடாது என்பதற்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பந்து யாரோ ஒருத்தி கையில் சொத்தென்று விழும் சத்தம் கேட்டது. கடமலைக்குண்டுக்காரி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அடுத்தமுறையும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த முறை கேப்டன் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏய், வழிய விடு! மந்தையில மாட்ட மறிக்கிற மாதிரி மறிக்கிறா!"

மேடம் விசில் ஊதினார். எல்லாரும் நின்றோம்.

"என்ன புள்ள பண்ற நீ? பந்து எங்கன இருக்கு, நீ எங்கன பாக்குற?"

இதுதான் நேரம் என்று தோன்றியது. ஆனால் ஆட்டத்தை விடுகிறேன் என்று சொல்ல வந்த வாயில் வேறு வார்த்தை வந்தது.

"மேடம், பந்து மேலருந்து வந்தா எனக்குக் கண்ணு மூடிக்கிருது. ஸ்கூல்ல மூஞ்சில பட்டதுலருந்து அப்படித்தான். அதான் திரும்பிக்கிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "இத்தன நாளா நேரம் தப்புதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார் மெதுவாக.

கடமலைக்குண்டுக்காரி முன்னால் வந்தாள்.

"மேடம், அவ அப்படியே நிக்கட்டும் மேடம். அவ அக்காவ மறிச்சுக்கிட்டா நான் எடுத்துக்கிருவேன். வளையத்துக்குக் கீழ என்னைய இதுவரைக்கும் யாரும் நிக்க விட்டதே இல்ல. இடிச்சுத் தள்ளிருவாக. இன்னைக்குத்தான் அந்த எடம் காலியா இருந்துச்சு."

"முதுகால மறிக்கணும், கண்ணு பந்து மேல இருக்கணும். அதான் நான் படிச்சது," என்றார் மேடம். கொஞ்ச நேரம் வளையத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. இன்னொரு தடவ அதையே பண்ணு. கையால மட்டும் யாரையும் புடிக்காத."

பந்தை எடுப்பது இனி என் வேலை இல்லை. அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. விடுகிறேன் என்று சொல்ல வந்ததை நான் சொல்லவே இல்லை. அப்பாவுக்கு மட்டும் போன் பண்ணி, "சொல்ல வேண்டியத சொல்லிட்டேன்ப்பா, ஆனா விடல," என்றேன். அவர் எதுவும் புரியாமலேயே "சரி சரி" என்றார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் இரண்டு ஆட்டங்களில் ஃபவுல் வாங்கி வாங்கி, பாதி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். கையால் யாரையும் தொடாமல் காலாலேயே மறிக்கப் பழக வேண்டியிருந்தது. கேப்டன் அக்கா தினமும் என்னை இடித்து இடித்துப் பழக்கினார். அவர் முழங்கையிலும் என் இடுப்பிலும் கன்றிப்போனது. போகப் போக ஒன்று புரிந்தது. எதிரில் நிற்பவளின் கண்ணைப் பார்த்தால் போதும், பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும். அவள் கண் போகும் பக்கம் நான் போய் நின்றுகொள்வேன். அந்தப் பக்கம்தான் பந்து என்று கடமலைக்குண்டுக்காரியும் கண்டுகொள்வாள். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளத் தேவையே இல்லை.

அந்த வருடக் கல்லூரிப் போட்டிகள் தேனியில், எங்கள் மைதானத்திலேயே நடந்தன. முதல் ஆட்டமே அந்த மதுரை அணியோடு. அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். நான் ஆடி அம்மா பார்த்ததே இல்லை. கோட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு, அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டே நின்றாள்.

போனமுறை என் தலைக்கு மேல் பந்தெடுத்தவள் இந்தமுறை என்னைத் தாண்ட முடியாமல் தவித்தாள். பாதி ஆட்டத்தில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"ஏன்டி என் மூஞ்சியவே மொறச்சுப் பாக்குற?"

"மொறைக்கலக்கா. சும்மாதான் பாக்குறேன்," என்றேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசிச் சில நொடிகள் மிச்சமிருந்தபோது நாங்கள் ஒரு பாயின்ட் முன்னால் இருந்தோம். பந்து அவர்களிடம். எறிந்துவிட்டார்கள். என் எதிரில் நின்றவளின் கண் மேலே போனது, பிறகு நேராக என்னைப் பார்த்தது. அவள் ஏன் என்னைப் பார்க்கிறாள் என்று யோசிப்பதற்குள், கம்பியில் பட்ட பந்து என் பின்மண்டையில் வந்து டொம்மென்று இறங்கியது.

"ஐயோ, எம்புள்ள!" என்று அம்மா அலறியது மைதானம் முழுக்கக் கேட்டது.

வலிக்கப்போகிறது என்று காத்திருந்தேன். வலிக்கவில்லை. கொஞ்சம் விண்ணென்று இருந்தது, அவ்வளவுதான். கண்ணாடிகூட நழுவவில்லை. இத்தனை வருடம் இதற்குத்தானா பயந்தேன் என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரித்துக்கொண்டு நிற்க, என் தலையில் பட்டு எழும்பிய பந்தைக் கடமலைக்குண்டுக்காரி பாய்ந்து பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை. விசில் ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம்.

அம்மா குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"வீங்கிருக்கா? தல சுத்துதா? இது எத்தனன்னு சொல்லு." இரண்டு விரலைக் காட்டினாள்.

"ஒண்ணுமில்லம்மா. நெசமா ஒண்ணுமே இல்ல."

"நல்லாத்தான் நிக்கிறா, விடு," என்று அப்பா குடையை எடுத்து மடக்கினார். பிறகு அவரும் வந்து என் பின்மண்டையைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் அரையிறுதியில் திண்டுக்கல் அணியிடம் தோற்றோம். அவர்கள் எறிந்ததெல்லாம் விழுந்தது. விழுந்துவிட்டால் அப்புறம் எடுக்கவோ மறிக்கவோ என்ன இருக்கிறது? ஆட்டம் முடிந்ததும், பழக்கதோஷத்தில், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தண்ணீர்ப் பாட்டிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கேப்டன் அக்கா வந்து என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"எனக்கு இதுதான் கடைசி மேட்ச். அடுத்த வருசம் ஒங்கிட்ட இடிபட வேண்டியதில்லப்பா, தப்பிச்சேன்," என்றார். பிறகு, "பஸ்ல அன்னைக்கு ஒன்னு சொன்னேன். ஒனக்குக் கேட்டுச்சா?" என்று கேட்டார்.

"கேட்டுச்சுக்கா."

"கேட்டுருக்கும்னு நெனச்சேன்." பாட்டிலை என் பக்கம் தள்ளினார். நான் வாங்கிக் குடித்தேன்.

அப்பாவும் அம்மாவும் அன்றைக்கும் வந்திருந்தார்கள். வெயில் தாழ்ந்தபிறகு மூவரும் கம்பம் பஸ் ஏறினோம். மேடத்திடம் சொல்லிக்கொண்டு கிளம்பியபோது, "திங்கக்கெழம காலையில வந்துரு," என்றார், சாதாரணமாக. வரமாட்டேன் என்று நான் நினைக்கக்கூடும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சின்னமனூர் வருவதற்குள் தூங்கிவிட்டேன். உத்தமபாளையத்தில் பஸ் நின்றபோது லேசாக விழித்து, "எறங்கணுமா?" என்று கேட்டேன்.

"இல்லாத்தா. இன்னும் கொஞ்சம் இருக்கு. நீ தூங்கு," என்றாள் அம்மா.