கபடி சேனலை மூடிய பிறகு

புந்தோங் சாப்பாட்டுக் கடையில் இன்று டிவி இருண்டு கிடந்தது. கபடி சேனலை மூடிவிட்டார்கள்.

ஆரம்பத்தில் வாரத்துக்கு ஓர் ஊர் ஆட்டம் போட்டார்கள். விளம்பரம் குறைந்ததும் ஒரே இறுதியாட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். அதில் கடைசியாகக் கபடி பாடிப் போய், நடுக்கோட்டைத் தொடுவதற்குள் பிடிபடுபவர் குமார் அண்ணன். இந்தக் கடையில் டிவிக்கு முதுகு காட்டித்தான் சாப்பிடுவார்.

இன்று டிவியைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் கோட்டத் தொட்டேன் லா," என்றார்.

பக்கத்து மேசையில், அன்று அவரைப் பிடித்த செல்வம் அண்ணன். தே தாரிக் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவ சொல்லு."

"தொட்டேன்."

செல்வம் அண்ணன் எழுந்தார். கடையில் யாரும் மெல்லவில்லை. பழக்கத்தில் டிவியைக் கை காட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது.

அந்த ஆட்டத்தை யாராவது பதிவு செய்து வைத்திருந்தால் எனக்கு மட்டும் அனுப்புங்கள். மனிதர் இன்றைக்குத்தான் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்.