மேல்பட்டையில் ஓடிய சிவப்பு

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து போய் அதன் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான். தலைகால் புரியவில்லை. கொடுத்த வேலை போதாதென்று, திரையின் மேல் விளிம்பில் ஓட நானே ஒரு பட்டை எழுதினேன். மெமரி எவ்வளவு மிச்சம், டிஸ்க்கில் எவ்வளவு இடம், புரொசஸர் எவ்வளவு சூடு, எல்லாம் அதில் தெரியும். சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பழைய மெஷின், பாதி நாள் சிவப்புதான்.

பெரிய கிளாக்கர் ஒருநாள் பின்னால் நின்று பார்த்தார்.

"கொழுந்து நிறுவையும் இதுல வருமா தம்பி?"

"வருங்க ஐயா" என்றேன். முட்டாள், வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

இரண்டே நாளில் முடித்தேன். எடையை டைப் செய்தால் போதும், குறைவாகப் பறித்தவர்களின் நம்பர் சிவப்பாக ஓடும். அதுவரை அவர்களை மலையிலேயே நாலு வார்த்தை திட்டி விட்டுவிடுவார்கள். இப்போது காலையில், வேலை பிரிக்க எல்லாரும் கூடும் பெரட்டில், கங்காணி அந்த நம்பர்களை உரக்க வாசித்தார். வாசிக்கப்பட்டவர்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும்.

கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. மூன்றாம் வாரம் அவள் நம்பர் ஓடியது. அதை மட்டும் விட்டுவிடும்படி ஒரு வரி சேர்த்தேன்.

பத்து நாள் கழித்து, ரொட்டி சுட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்.

"என் நம்பர எடுத்துட்டியாடா?"

நான் அடுப்புக்குள் விறகைத் தள்ளினேன்.

"மலையில ஒருத்தியும் எங்கூட பேசுறதில்ல. போட்டுரு சாமி."

"பட்டையவே தூக்கிர்றேம்மா."

"அதத் தூக்குனா ஒன்னையத் தூக்கிருவாங்க."

மறுநாள் அந்த வரியை அழித்தேன். அடுத்த காலை மழை. ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே பெரட்டுக் களம். கங்காணி முதலில் வாசித்ததே அம்மாவின் நம்பரை. அவள் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தாள். ஜன்னல் பக்கம் மட்டும் திரும்பவில்லை. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

சாகவில்லை. அந்த வேலையில் இன்னும் நாலு வருஷம் இருந்தேன். பட்டையும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.