கடைசியாக வந்த மீன்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த வங்காளித் தோழி ரீனா, ஒரு ஞாயிறன்று தங்கள் இனிப்புக் கடைகளையும் ஏரிக்கரையையும் சுற்றிக்காட்டிவிட்டு, மதியம் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

கல்கத்தாவிலிருந்து வந்திருந்த அவளுடைய தாயார் முதலில் பாகற்காய்க் கறியும் பிறகு பருப்பும் சோற்றோடு பரிமாறினார். அவ்வளவுதான் சாப்பாடு என்றெண்ணி, வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

அதன்பிறகே கடுகு அரைத்துவிட்ட மீன்குழம்பு வந்தது. ஒவ்வொரு கறியாகப் பரிமாறுவதுதான் அவர்கள் வழக்கமாம். வேண்டாமென்று தட்டைக் கையால் மறைத்தேன். தாயாரின் முகம் வாடிப்போனது.

வீட்டில் சொன்னபோது, “உமக்கெண்டு சமைச்ச மனுசி! ஒரு துண்டெண்டாலும் எடுத்திருக்கலாமே” என்றார் கணவர்.

அடுத்த கிழமையே தாயார் ஊர் திரும்பிவிட்டார். இப்போது எந்த வீட்டிலும் சாப்பிட உட்காரும்போதே, “இன்னும் என்ன வரும்?” என்று வெட்கப்படாமல் கேட்டுவிடுகிறேன். அந்த மீனின் ருசிதான் எனக்குத் தெரியாமலே போயிற்று.