கம்பு எட்டாத இடம்

கூரைத் தண்ணீர் வடியும் வாய்க்காலைச் சுத்தம் செய்வதும் ஒரு தொழிலா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ஐப்பசி பிறந்தால் அவர்களே போன் செய்வார்கள். வாலாஜாபாத் அரிசி ஆலைகள், காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகள், கல்யாண மண்டபங்கள், சின்ன காஞ்சிபுரத்து நெசவு வீடுகள் என்று ஏறாத கூரை இல்லை. குரங்கு தின்றுபோட்ட பழத்தோல், புறாக்கூடு, திருவிழா வெடிக் காகிதம், எவனோ எறிந்த ஒற்றைச் செருப்பு என இந்த ஊர் தன் தலைமேல் என்னென்ன வைத்திருக்கிறது என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

வெகுநாள் ஒரு மூங்கில் ஏணி, சேறு வழிக்க ஒரு கொலுறு, ஒரு பக்கெட், அவ்வளவுதான் எங்கள் சாமான். எங்கள் என்றால் நானும் என் மனைவியின் தம்பியும். எனக்குக் கல்யாணமான புதிதில் என்னோடு வேலைக்கு வந்தவன். கூரையில் அவன் "இங்க கால் வை மாமா" என்றால் நான் குனிந்து பார்க்காமல் கால் வைப்பேன். அப்படித்தான் இருந்தோம்.

நெசவுத் தெருக்களில் மட்டும் எங்கள் பாடு பெரும்பாடு. விடிந்ததும் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் பாவு நூலை இழுத்துக் கட்டிவிடுவார்கள். நீளமாக நூல் போய்க்கொண்டே இருக்கும். சைக்கிள்கூட இறங்கித்தான் போகவேண்டும். அங்கே ஏணியைச் சாத்த இடம் ஏது? அவர்கள் பாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போவதற்குள் வெயில் ஏறி ஓடு கொதிக்கும். கொதிக்கிற ஓட்டில் அவசரமாகக் கால் வைத்தால் உடையும். உடைந்தால் திட்டு. நியாயமான திட்டுதான், ஆனாலும் திட்டு.

"கம்பு வாங்கிடலாம் மாமா" என்று மச்சான் ஆரம்பித்தது அப்படித்தான். "கீழ நின்னுக்கினே மோட்டார் வச்சி உறிஞ்சிடலாம். கம்பு நுனியில கேமரா. செல்லுல எல்லாம் தெரியும். ஏணியும் வேணாம், ஓடும் உடையாது, பாவுக்கும் தொந்தரவு இல்ல."

எனக்கு மனமில்லை. கையை விட்டுத் துழாவாமல் வாய்க்கால் சுத்தம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் தெருவில் பாவு கிடக்கும் விஷயத்தை அவன் எடுத்ததும் சரி என்றுவிட்டேன்.

இரண்டு பேரும் சென்னைக்குப் போய் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் அரைநாள் நின்றோம். கடைக்காரர் முதலில் அலுமினியக் கம்பைக் காட்டினார். எங்கள் தெருக்களில் கரண்ட் ஒயர் கூரை ஓரத்தை உரசிக்கொண்டு போகும்; வேண்டாம் என்றேன். அடுத்து கார்பன் கம்பு. ஒரு விரலில் தூக்கலாம் என்று தூக்கியும் காட்டினார். அதிலும் கரண்ட் பாயும் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தார். கடைசியில் ஃபைபர் கிளாஸ் கம்பை எடுத்தேன். கனம்தான், நீளம் கூடினால் வளையும்தான், ஆனால் ஆளைக் கொல்லாது. மோட்டாரையும் நான்தான் பார்த்தேன். காய்ந்த சருகை எந்த மோட்டாரும் உறிஞ்சும். ஈரச் சேற்றை உறிஞ்சுமா என்று கடை வாசலிலேயே ஒரு வாளி சேறு கலக்கிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். கேமராவும் கம்பின் நீளமும் அவன் பொறுப்பு. எந்தெந்த வீட்டுக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று அளந்துவரும் வேலையை ஒரு வாரம் முன்பே அவனிடம் விட்டிருந்தேன்.

"எல்லா வூட்டுக்கும் எட்டுமாடா?"

"எட்டும் மாமா. அளந்துட்டுதான சொல்றேன்."

நான் டேப்பைப் பிடித்துப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவேண்டும்?

முதல் புரட்டாசியில் எங்களைப் பிடிக்க முடியவில்லை. அவன் கம்பைத் தூக்கி நிற்பான், நான் மோட்டாரையும் குழாயையும் பார்த்துக்கொண்டு சேற்றை மூட்டை கட்டுவேன். முடிந்ததும் அவன் செல்போனில் இருந்து வீடியோ என் செல்போனுக்கு வரும். அதை வீட்டுக்காரர்களுக்குக் காட்டுவது நான். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருஷம் நாங்கள் மேலே என்ன செய்தோம் என்று யாரும் பார்த்ததில்லை. இப்போது மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்களுக்கு வெகுநாள் வாடிக்கை ஒரு வீடு. கணவன் மனைவி இருவரும் தறியில் உட்காருகிறவர்கள். குறுகலாக, ரயில் பெட்டி மாதிரி நீண்டுபோகும் வீடு. அந்தக் கூரையும் பக்கத்து வீட்டுக் கூரையும் சரிந்து வந்து சேரும் இடத்தில் ஒரு தகர வாய்க்கால், தெருவிலிருந்து கொல்லை வரை ஓடும். இரண்டு வீட்டு மழையும் அதில்தான் இறங்கவேண்டும். அதற்கு நேர் கீழே, வீட்டு நீளத்தின் நடுவில், சுவரையொட்டி, தறி.

இரண்டாவது வருஷப் புரட்டாசியில், வேலை முடிந்ததும், "மேல ஏறிப் பாத்தியாபா?" என்று அந்த அம்மா கேட்டார். "புதுப் பாவு ஏத்தப் போறோம். மூணு பொடவையும் ஒரே கல்யாணத்துக்கு, தை மாசம். கடைக்காரருக்கு வாக்கு குடுத்துட்டோம்."

"ஏறவே வேணாம்மா. நான் பாத்துட்டேன், நீங்களும் பாருங்க" என்று வீடியோவைப் போட்டேன். தெருப்பக்கம் தொடங்கி கொல்லைப்பக்கம் வரை தகரம் பளிச்சென்று தெரிந்தது. அவர் கடைசிவரை பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அந்த வாரமே பாவு தறியில் ஏறியது.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த அன்று காலை அந்த அம்மா போன் செய்தார். "தறி மேல கொட்டுதுபா" என்றார்.

நான் போனபோது அவர் கணவர் தறிக்குழிக்குள் நின்றபடி துண்டால் பாவை ஒற்றிக்கொண்டிருந்தார். துடைத்தால் இழை கலைந்துவிடும் என்பதால் ஒற்றி ஒற்றி எடுத்தார். புடவையின் மாம்பழ மஞ்சள் உடலில் அரக்குக் கரையின் சாயம் இறங்கி ஒரு முழத்துக்குமேல் பரவியிருந்தது. மேலே சுவரும் கூரையும் சேரும் இடத்தில் தண்ணீர் கயிறாக இறங்கியது. பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிப் பிடித்திருந்தார்கள். அதையும் மீறி வழிந்தது.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "செவுரு வெடிச்சிருக்கும்மா. வாய்க்கா சுத்தமா இருக்குது, நான்தான் பாத்தேனே" என்றேன். நனைந்த பாவைப் பார்த்துக்கொண்டே என் மச்சான் வேலைக்கு வக்காலத்து வாங்கினேன். அதை இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது. அந்த அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, வாளியை மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டதும் ஏணியைக் கொண்டுவந்து கொல்லைப்பக்கம் சாத்தி ஏறினேன். கொல்லை முனையில் தகரம் சுத்தம். வாய்க்கால் ஓரமாக ஊர்ந்து நடுவே போனேன். அங்கே குளம் கட்டி நின்றது தண்ணீர். கையை விட்டால் முழங்கைவரை சேறு. புறாக்கூடு, பழைய தேங்காய் மட்டை, மக்கிப்போன காகிதம் எல்லாம் இறுகி அணை மாதிரி கிடந்தன. ஒரு மழைக்காலத்துச் சேறு இல்லை அது. போன வருஷத்தோடு சேர்ந்த சேறு.

ஓட்டின்மேல் உட்கார்ந்தபடி வீடியோவைத் திறந்தேன். தெருமுனை இந்த வீடுதான். கொல்லைமுனையும் இந்த வீடுதான். நடுவில் ஒரு குழாய் வாய் தெரிந்தது, அதன்மேல் கம்பி வலை. இந்த வாய்க்காலின் நடுவில் குழாயே கிடையாது. அந்த வலை ஒரு பட்டுக்கடைக் கூரையில் இருப்பது. அதை முறுக்கிக் கட்டியது என் கை. என் கை வேலையை என் கண்ணெதிரே ஓட்டிக் காட்டியிருக்கிறான். நானும் பெருமையாகப் பார்த்து, அடுத்தவருக்கும் காட்டியிருக்கிறேன்.

போன் போட்டு வரச்சொன்னேன். கால்மணி நேரத்தில் வந்தான். கொல்லையில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தான். நான் ஒரு கை சேற்றை அள்ளிக்கொண்டு கொல்லை முனைக்கு ஊர்ந்துவந்து அவன் காலடியில் போட்டேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கம்பு எட்டல மாமா" என்றான்.

"அளந்தேன்னு சொன்னியே?"

"கடைங்களைத்தான் அளந்தேன். தறி வூடு இவ்ளோ நீளம் போவும்னு நெனைக்கல. இன்னொரு கம்பு சேத்தா வளைஞ்சி கீழ வந்துடுது. நீங்கதான் கார்பன் வேணாம்னீங்க..."

"வாயை மூடு."

பிறகு மெதுவாக, "சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க அந்த வீடியோவை எல்லார்கிட்டயும் காட்டிக்கினு அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க" என்றான்.

என் சந்தோஷத்தையே சாக்காகச் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கம்பு எட்டாதது குற்றமா? வந்து சொல்லியிருந்தால் ஏணியைப் போட்டு நானே ஏறியிருப்பேன். எவ்வளவு வருஷம் ஏறினவன்! உட்கார்ந்து, வேறொரு கூரையின் படத்தை வெட்டி, நடுவில் ஒட்டி, முன்னும் பின்னும் சரிபார்த்து அனுப்பியிருக்கிறானே, அந்த நேரத்தில் ஒரு தடவையாவது இந்தத் தறி அவன் நினைவுக்கு வந்திருக்காதா?

"இன்னும் எத்தனை வூட்டுல இப்படிப் பண்ண?"

"தறி இருக்கற வூடு எல்லாத்துலயும்" என்றான்.

இறங்கி உள்ளே போனேன். தலையிலிருந்து கால்வரை சேறு. அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. "என்னையும் ஏமாத்திட்டாம்மா. பெத்த புள்ள மாதிரி நம்பினேன்" என்று புலம்பினேன். ஒரு ஆறுதல் வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலபா" என்றார் அவர். "வந்து பாத்தேன்னு சொன்னது நீதான?"

ஆமாம் என்றேன். ஏமாந்தவன் என்று அழுதுகொண்டு வந்தவன், ஏமாற்றியவனாக அவர் முன்னால் நின்றேன்.

மறுபடி ஏறி, மதியம் வரை கையாலேயே அள்ளினேன். மச்சான் கீழே நின்று பக்கெட்டை வாங்க வந்தான், போகச் சொல்லிவிட்டேன். மற்ற வீடுகளுக்கெல்லாம் அன்றே போய்ச் சொல்லவேண்டும், வானம் வேறு மறுபடி இருட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் ஓடிக் கொல்லையில் விழுந்தது.

"முடிஞ்சுதும்மா. இனிமே நிக்காது" என்றேன் கீழே வந்து.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். அவர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து லுங்கியை மடித்துக் கட்டினார். நாள் முழுக்கக் குழிக்குள் கால்மிதி மிதித்தே மடங்கிப்போன கால்கள். ஏணியின் முதல் படியில் கால் வைக்கவே சுவரைப் பிடித்தார்.

"நீங்க ஏறாதீங்க ஐயா, ஈரமா இருக்குது. நான் பாத்துட்டேன்" என்றேன்.

"இருக்கட்டும்பா. நானே ஒரு தபா பாத்துடறேன்" என்றார். அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். மேலே போய் வாய்க்காலை அந்த முனைவரை பார்த்தார், கையை விட்டுத் தடவிப் பார்த்தார், அதே மாதிரி நின்று நின்று இறங்கினார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "சுத்தமா இருக்குது" என்றார்.

தன் மனைவியிடம் சொன்னார். என்னிடம் இல்லை.